பார், சல்லி, குருசடை: மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் வரலாற்றைச் சொற்களின் வழியே வாசித்தல்

களப்பணிக் குறிப்புகளை ஒழுங்குபடுத்தும்போது, ஆய்வேட்டின் எந்த இயலிலும் அடங்காத செய்திகள் சில எஞ்சிவிடுகின்றன. அடிக்குறிப்பாக இட்டால் கனம் மிகும். விட்டுவிட்டால் மனம் உறுத்தும். அப்படி எஞ்சியவற்றுள் ஒரு பகுதியை இங்கே எழுதுகிறேன். நீண்ட பதிவு. வரலாறு, சூழலியல், மொழியியல் பயிலும் மாணவர்கள் பொறுமையுடன் வாசித்து, பிழை கண்டால் சுட்ட வேண்டுகிறேன்.

1. ஒரு பிழையிலிருந்து

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லையோரச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவன் நான். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்துக்கும் சென்றன. கோடு நிலத்தில் விழுந்தது, பேச்சில் விழவில்லை. எங்கள் வீட்டில் தமிழ், சந்தையில் மலையாளம், சண்டையில் இரண்டும். எங்களூரிலிருந்து தென்மேற்கே இறங்கினால் பொழியூர்க் கடற்கரை. அதற்கு அடுத்த கடலூரான நீரோடி தமிழ்நாட்டில் உள்ளது. நடந்து போகிறவருக்கு எந்த இடத்தில் மாநிலம் மாறியது என்பது தெரியாது.

முதுகலை மொழியியல் படித்தபோது, சிற்றாய்வுக்காக அக்கரையில் கடல்சார் சொற்களைத் தொகுத்தேன். முதிய மீனவர் ஒருவர் ‘பாரு’ என்னும் சொல்லைப் பலமுறை சொன்னார். நான் அதற்கு நேரே ‘பாறை’ என்று பொருள் எழுதிக்கொண்டேன். ஒலி நெருக்கம், பொருள் நெருக்கம் இரண்டும் இருந்ததால் ஐயமே எழவில்லை. மறுநாள் பட்டியலை அவருக்கு வாசித்துக் காட்டியபோது கையை உயர்த்தி நிறுத்தினார்.

“பாறையில தட்டினா வள்ளம் போச்சு. பாருல போனா மீனு உண்டு. ரெண்டும் ஒண்ணாடே?”

கடலடியில் மணற்பரப்புக்கு நடுவே கெட்டித் தரையாக எழும் திட்டே பார். அதில் சிப்பியும் பாசியும் பற்றும். அவற்றைத் தேடி மீன் அடையும். அதை மேலிருந்து காண இயலாது. கரையிலுள்ள கோயில் கோபுரம், தென்னை உச்சி, மலைமுகடு ஆகியவற்றை இரண்டிரண்டாக நேர்கோட்டில் வைத்து, அக்கோடுகள் வெட்டும் இடத்தை மனத்தில் குறித்துக்கொள்வர். இந்தக் குறிப்பை எங்கள் கரையில் கணிச்சம் என்பர். ஆக, பார் என்பது கடலடித் தரையின் பெயர் மட்டுமன்று. அதை அடையும் வழி, அதன் பருவம், அதில் பிடிபடும் மீன் ஆகிய அனைத்தும் அடங்கிய ஓர் அறிவுத் தொகுப்பின் தலைப்பு. அதை ஒற்றைச் சொல்லாக மொழிபெயர்த்துச் சுருக்கியது என் பிழை.

சில ஆண்டுகள் கழித்து, முனைவர் பட்ட ஆய்வுக்காக மண்டபத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட கரையில் தங்கியபோது அதே சொல்லை மறுபடி கேட்டேன். பொழியூருக்கும் மண்டபத்துக்கும் இடையே குமரி முனையும், இரு கடல்களும், வேறுவேறு சமூகங்களும் உள்ளன. ஆயினும் சொல் ஒன்று. பின்னர் நூலகத்தில் ஆங்கில ஆட்சிக்கால முத்துக்குளிப்பு அறிக்கைகளைத் திறந்தால் பக்கந்தோறும் அச்சொல் எழுத்துப்பெயர்ப்பாகக் கிடக்கிறது. அங்கிருந்தே இக்கட்டுரையின் கேள்வி பிறந்தது: இக்கடலை நெடுங்காலம் அறிந்தவர்களின் சொற்கள் ஒரு காலத்தில் அரசின் ஏட்டில் ஏறின. இன்றைய காவல் ஏடுகளில் அவை ஏன் அருகின?

2. இருபத்தொரு தீவுகளின் பெயர்கள்

மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986 இல் அறிவிக்கப்பட்டது. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, கரையை ஒட்டியுள்ள 21 சிறு தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழங்குறைந்த கடலும் சேர்ந்து ஏறத்தாழ 560 சதுர கிலோமீட்டர். 1989 இல் இதை மையமாக வைத்து 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2001 இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோள வலையமைப்பில் இடம்பெற்றது. 3,600 க்கு மேற்பட்ட தாவர, விலங்கு இனங்களும், 117 கடின பவள இனங்களும் இங்கே பதிவாகியுள்ளன என்பது வழக்கமாகச் சுட்டப்படும் கணக்கு.

எண்களை விடப் பெயர்கள் கூடுதலாகப் பேசுகின்றன. மண்டபம் தொகுதியில் சிங்கில், குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலிப்புட்டி, மனோலி, முயல் தீவு. கீழக்கரைத் தொகுதியில் முள்ளி, வாழை, தலையாரி, அப்பா, பூவரசன்பட்டி, வாலிமுனை, ஆனைப்பார். வேம்பார்த் தொகுதியில் நல்லதண்ணி, புழுவினிச்சல்லி, உப்புத்தண்ணி. தூத்துக்குடித் தொகுதியில் காரைச்சல்லி, விலாங்குச்சல்லி, காசுவார், வான் தீவு.

நல்லதண்ணி, உப்புத்தண்ணி என்னும் இரண்டையும் பாருங்கள். காற்றுக்கு ஒதுங்கும் படகினருக்கு எந்தத் தீவில் ஊற்றுத் தோண்டலாம், எதில் தோண்டிப் பயனில்லை என்பதற்குப் பெயரே வழிகாட்டி. ‘சல்லி’ என்பது சிதறிய சிறு கல்; இங்கே அலை உடைத்துக் குவித்த பவளத் துண்டுகள். தென்தொகுதிகளில் மூன்று தீவுகள் இந்தப் பின்னொட்டைத் தாங்குகின்றன. வடகோடியிலுள்ள ‘சிங்கில்’ என்பதோ கூழாங்கல் பரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகவே தோன்றுகிறது. அப்படியாயின் தமிழ் மீனவரும் ஆங்கில நிலஅளவையரும் ஒரே வகைத் தரையை ஒரே கண்ணால் கண்டு பெயரிட்டிருக்கிறார்கள். ஆனைப்பார் என்பதில் எங்களூர்ப் ‘பாரு’ அப்படியே நிற்கிறது.

குருசடை என்னும் பெயர் என்னைப் போன்ற எல்லையோரக்காரனுக்கு அயலாக ஒலிப்பதில்லை. பாறசாலைப் பக்கமும் குமரி மாவட்டத்திலும் சாலையோரச் சிலுவைச் சிற்றாலயத்தைக் ‘குருசடி’ என்போம். சிலுவையைக் குறிக்கும் போர்த்துக்கீசச் சொல்லின் தமிழ்வடிவமே ‘குருசு’. குருசடைத் தீவின் பெயரும் இவ்வழி வந்தது என்பது என் ஊகம். ஊகத்தை ஊகம் என்றே குறித்து வைக்கிறேன். மொழி ஒப்புமை மட்டும் வரலாற்றுச் சான்றாகாது. ஆனால் அது எந்தத் திசையில் சான்று தேட வேண்டும் என்பதைக் காட்டும்.

3. காவல் புதிதன்று

தேசியப் பூங்கா வந்த பின்பே இக்கடலுக்குக் கட்டுப்பாடு வந்தது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. இது இரண்டாயிரம் ஆண்டுகளாக அதிகாரம் கண்வைத்த கடல். அகநானூறும் மதுரைக்காஞ்சியும் கொற்கை முத்தைப் பேசுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘செங்கடல் வழிப்பயணம்’ என்னும் கிரேக்க நூல், பாண்டியரின் கொற்கையில் தண்டனைக் கைதிகள் முத்தெடுத்ததாகக் குறிக்கிறது. இச்செய்தியை மறக்கலாகாது. கடலோர வாழ்வைப் பழம்பெருமையாக மட்டும் பாடுவோர்க்கு இது ஒரு கடிவாளம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, சுறாக்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு முத்தில் பங்கு தரப்பட்டதை எழுதினார். தமிழில் இவர்கள் ‘கடல்கட்டி’ எனப்பட்டனர். வியப்பு என்னவெனில், ஆங்கிலேய ஆட்சியின்போதும் கடல்கட்டிக்கு இடம் இருந்தது. மந்திரத்தில் அதிகாரிகளுக்கு நம்பிக்கை இருந்ததால் அன்று. கடல்கட்டி கரையில் இல்லாவிடில் முத்துக்குளிப்போர் நீரில் இறங்க மறுப்பார்கள் என்பதால். மக்களின் அச்சமும் நம்பிக்கையும் நிருவாகக் கணக்கில் ஒரு செலவினமாக ஏறின.

1530 களில் பரதவர் போர்த்துக்கீசரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்கம் தழுவினர். முத்துக்குளிப்புத் துறைகளின் மீதான பூசல் அதன் பின்னணி. 1542 இல் பிரான்சிசு சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1544 இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில் முக்குவருக்குத் திருமுழுக்களித்தார். எங்கள் பொழியூர்க் கரையும் மன்னார்க் கரையும் ஒரே வழிபாட்டு வரலாற்றில் இணைந்தது அக்காலத்தில்தான். அவருக்குப் பின் வந்த அன்றிக்கே அன்றீக்கசு, இத்துறைக் கரையில் தங்கி மக்களிடம் மொழி கற்றுத் தமிழுக்கு ஐரோப்பிய முறையில் ஓர் இலக்கணம் எழுதினார். 1578 இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவருடைய மொழிபெயர்ப்பே. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான அந்நூலின் பின்னே பரதவரின் நாவும் உள்ளது. தமிழ் மொழியியல் வரலாற்றைத் தொல்காப்பியத்தில் தொடங்கி மடங்களின் வழியே மட்டும் எழுதுவோர் இக்கரையையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

1658 இல் டச்சுக்காரரும், பின்னர் ஆங்கிலேயரும் தூத்துக்குடியைப் பிடித்தனர். ஆட்சி மாறினாலும் முறை ஏறத்தாழ ஒன்றே. பார்களை முன்கூட்டியே ஆய்ந்து, சிப்பி முதிர்ந்ததா எனச் சோதிப்பர். முதிராவிடில் அவ்வாண்டு குளிப்பு இல்லை. பல ஆண்டுகள் தொடர்ந்து கடல் மூடியே கிடந்ததும் உண்டு. முதிர்ந்தால் நாள் அறிவிக்கப்படும். கரையில் தற்காலிக நகரமே எழும். படகுக்குரிய சம்மாட்டி, கல்லைக் காலில் கோத்துக் கயிற்றில் இறங்கும் குளியாள், மேலிருந்து கயிறு பிடிப்பவர் என வேலை பிரியும். ஆங்கிலேயர் காலத்துத் தூத்துக்குடியில், எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு படகினருக்கு, மீதி அரசுக்கு. அரசின் பங்கு கரையிலேயே ஏலம் போகும்.

இம்முறை நியாயமானது என்று நான் வாதிடவில்லை. மூச்சடக்கி இறங்கியவனுக்கு மூன்றில் ஒன்று, கரையில் நின்ற அரசுக்கு மூன்றில் இரண்டு. நான் சுட்ட விரும்புவது வேறு. அந்த அமைப்பு குளியாளின் அறிவின்றி இயங்க இயலாது. எந்தப் பாரில் எத்தனை பாக ஆழம், எங்கே மணல், எங்கே சிப்பி என்பதை அவனே சொல்ல வேண்டும். ஆகவே பார்களின் பெயர்கள் அரசு வரைபடத்தில் ஏறின. தூத்துக்குடிக்கு எதிரே இருந்த புகழ்பெற்ற பார், ஆங்கில ஏடுகளில் ‘தோலாயிரம் பார்’ என்று எழுத்துப்பெயர்ப்பாயிற்று. வடிவம் சிதைந்தாலும் சொல் தப்பியது. தூத்துக்குடிப் பக்கம் கடைசி முத்துக்குளிப்பு 1961 இல் நடந்தது. அதன்பின் அப்பெயர்களைக் கேட்க அரசுக்குத் தேவை எழவில்லை.

‘குளித்தல்’ என்னும் வினையையும் இவ்விடத்தில் குறிக்க வேண்டும். இன்று அது நீராடுதல். அகராதிகள் மூழ்குதல் என்னும் பொருளையும் தருகின்றன. முத்துக்குளிப்பு, சங்குகுளிப்பு என்னும் தொடர்களில் மட்டும் மூழ்கும் பொருள் உயிரோடு நிற்கிறது. தொழில் மறைந்தால் அப்பொருளும் அகராதிக்குள் ஒதுங்கிவிடும்.

4. குருசடையில் அறிவியல்

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இராமேசுவரம் கரையின் உயிரினங்களையும் முத்து, சங்குத் தொழில்களையும் பற்றி எழுதினார். அவரை அடுத்து ஜேம்ஸ் ஹார்னெல் வந்தார். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய இவர், 1914 இல் சங்கைப் பற்றித் தனி நூல் வெளியிட்டார். இங்கே எடுக்கப்பட்ட சங்கு வங்காளத்துக்குப் போய், மணமான பெண்களின் வளையலாக மாறும் வணிகப் பாதையை அதில் விரிவாக விளக்கினார். 1920 இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி அவர் எழுதிய ஆய்வு, கட்டுமரம் முதலிய கலங்களுக்கு இன்றும் முதல் வாசிப்பு. 1927 இல் அருங்காட்சியகம் குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றித் தனி வெளியீடு கொண்டுவந்தது. முதுகெலும்பற்றவைக்கும் முதுகெலும்புள்ளவைக்கும் இடைப்பட்ட பண்புகள் கொண்ட பலனோகுளோசசு என்னும் புழுவைத் தேடி விலங்கியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அத்தீவுக்குச் சென்றார்கள். 1947 இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் மண்டபத்தில் நெடுங்காலம் தலைமையகம் கொண்டிருந்தது.

இவ்வறிஞர்கள் குடியேற்ற ஆட்சியின் அதிகாரிகள். மக்களைச் சாதி வகைகளாக அடுக்கியதில் தர்ஸ்டனின் பங்கு நன்கு விவாதிக்கப்பட்டதே. ஆனால் ஹார்னெல் படகின் ஒவ்வோர் உறுப்புக்கும் உள்ளூர்ப் பெயர் கேட்டு எழுதினார். பெயர் தெரியாமல் பொருளை அறிய இயலாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

5. பாசி எடுக்கும் பெண்களும் ஆவுளியாவும்

பூங்கா தேவையற்றது என்று இக்கரையில் நான் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் சொல்லவில்லை. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளம் பல பத்தாண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டது. அவ்வாறு அரணிழந்த விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் நீருள் மூழ்கின. பெயர்ப்பட்டியலில் 21, கண்ணுக்குத் தெரிபவை அதனினும் குறைவு. இழுவைப் படகுகள் கடலடியை உழுதன. 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறியதால் பவளம் வெளிறியது. இவற்றுக்கெல்லாம் கைகட்டி நிற்க இயலாது.

கடல்பசுவின் நிலை இன்னும் கடுமை. கரையில் அதை ஆவுளியா என்பர். (‘ஆ’ என்னும் பழஞ்சொல்லை அதில் கண்டதும் மொழியியல் மாணவருக்குச் சபலம் எழும். சான்று கிடைக்கும் வரை அடக்கிக்கொள்வோம்.) கடல்புல் மேய்ந்து வாழும் பாலூட்டி, எழுபது ஆண்டுவரை வாழக்கூடியது, ஆனால் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே கன்று ஈனும். இறைச்சிக்காகக் கரையோர மக்களே அதை வேட்டையாடியதும் உண்மை. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டெல்லர் கடல்பசு வடக்கே பெரிங் கடலில் 1741 இல் ஐரோப்பியர் கண்ணில் பட்டது. 1768 அளவில் அழிந்தது. இருபத்தேழு ஆண்டுகள் போதுமாயிருந்தன. ஆகவே 2022 இல் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவின் வடபகுதியில் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடல்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது வரவேற்கத்தக்கதே.

சிக்கல் வேறோரிடத்தில் உள்ளது. இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய அகர் வரத்து தடைப்பட்டபின், இந்தியக் கரைகளில் அகர் தரும் பாசிக்குத் தேடல் தொடங்கியது. 1960 களில் மண்டபம், கீழக்கரைப் பக்கம் பாசி எடுத்தல் வணிகத் தொழிலாயிற்று. அது பெரும்பாலும் பெண்களின் தொழிலாக வளர்ந்தது. கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றி, தீவுகளைச் சூழ்ந்த ஆழங்குறைந்த கடலில் மூழ்கிப் பாசியைக் கொய்வர். 1986 அறிவிப்புக்குப் பின், அவர்கள் தாய்மார் காலத்திலிருந்து போய்வந்த இடம் தேசியப் பூங்காவாயிற்று. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்தில் முந்தைய உரிமைகள் சில தொடர வழியுண்டு. தேசியப் பூங்காவில் அவ்வழி மிகக் குறுகல். கட்டுப்பாடு இறுகியபோது, கொய்த பாசி அத்துமீறலின் சான்றாயிற்று.

அவர்கள் தாமே விதி வகுத்துக்கொண்டதையும் வரலாறு பதிவு செய்ய வேண்டும்: மாதத்தில் குறிப்பிட்ட சில நாள்களே கடலில் இறங்குவது, பாசியை வேரோடு பிடுங்காமல் கையால் கொய்வது. பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி, இப்பெண்களை ஒருங்கிணைத்ததற்காக 2015 இல் சீகாலஜி என்னும் பன்னாட்டு விருதைப் பெற்றார். அதே காலத்தின் முரண் ஒன்றையும் சொல்ல வேண்டும். மாற்று வாழ்வாதாரமாக ஊக்குவிக்கப்பட்ட காப்பாபைகசு என்னும் அயல்பாசி வளர்ப்பிடத்திலிருந்து தப்பிக் குருசடையின் பவளத்தின்மேல் படர்ந்ததை, 2008 இல் அறிவியலர் பதிவு செய்தனர். கையால் கொய்தவர் விரட்டப்பட்ட இடத்தில் அயல்பாசி குடியேறிற்று.

இப்பெண்களின் சொற்களைக் கவனியுங்கள். கெலிடியெல்லா என்று அறிவியல் சொல்வது அவர்களுக்கு மரிக்கொழுந்துப் பாசி. கிராசிலேரியா, கஞ்சிப் பாசி. சர்காசம், கட்டக்கோரை. டர்பினேரியா, பக்கோடாப் பாசி. தலையில் சூடும் கொழுந்து, அடுப்பில் காயும் கஞ்சி, வயலோரக் கோரை, கடைத்தெருப் பலகாரம். கரையின் வாழ்வு கடலடிக்கு அப்படியே இறங்கியிருக்கிறது. ஒருநாள் கீழக்கரைப் பக்கம் ஒரு பெண்ணிடம் இப்பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். “எழுதி என்ன தம்பி செய்வே? போகவே கூடாதுங்குற எடத்துக்குப் பேரு எதுக்கு?” என்றார். என்னிடம் விடை இல்லை. இப்பதிவு அக்கேள்விக்குத் தாமதமாக எழுதும் பதிலின் தொடக்கம் மட்டுமே.

6. வடகோடியில் ஒரு மாற்று

பூங்கா என்றால் மக்களை வெளியே நிறுத்துவதுதான் வழியா? உலகின் வேறொரு மூலையில் நிகழ்ந்ததைப் பார்க்கலாம். கனடாவின் மேற்குக்கரைக்கு அப்பால் ஹைடா குவாய் தீவுக்கூட்டம் உள்ளது. கடற்சிங்கமும் திமிங்கிலமும் கழுகும் நிறைந்த தொலைநிலம். ஹைடா மக்கள் தேவதாருவில் பெருந்தோணி குடைந்து கடலோடியவர்கள். குலச்சின்னத் தூண்கள் எழுப்பியவர்கள். மென்மயிர் வணிகம் அங்கிருந்த கடல்நீர்நாய்களை அழித்தது. 1862 இன் பெரியம்மை மக்களில் பெரும்பாலோரை அழித்தது.

1985 இல் மரம்வெட்டும் நிறுவனங்களைத் தடுத்து ஹைடா மக்கள் சாலையில் அமர்ந்தனர். 72 பேர் கைதாயினர். 1988 இல் தீவுக்கூட்டத்தின் தென்பகுதி, குவாய் ஹானாசு என்னும் பெயரில் தேசியப் பூங்கா ஒதுக்கிடமாயிற்று. 1993 இல் கனடா அரசும் ஹைடா நாட்டாரும் செய்த ஒப்பந்தத்தை ஆவண வரலாறு பயில்வோர் அவசியம் வாசிக்க வேண்டும். நிலம் யாருடையது என்பதில் இருதரப்பும் உடன்படவில்லை. உடன்பாடின்மையையே இரு பத்திகளாக அருகருகே எழுதிவிட்டு, காக்க வேண்டும் என்பதில் கையெழுத்திட்டனர். மேலாண்மைக் குழுவில் இருவருக்கும் சம இடம். பழைய ஊர்க்களங்களில் ஹைடா காவலரே கோடைக்காலத்தில் தங்கி, வருவோருக்கு வரலாறு சொல்கின்றனர். 2010 இல் தீவுக்கூட்டத்தின் ஆங்கிலப் பெயர் நீங்கி, ஹைடா குவாய் என்னும் பெயர் சட்டத்தில் ஏறியது. அதே ஆண்டில் சூழ்ந்த கடலும் காப்பில் சேர்ந்தது.

ஒப்பீட்டுக்கு எல்லை உண்டு. ஹைடாவினர் ஒரே மக்கள். மன்னார்க் கரையில் பரதவர், மரைக்காயர், கடையர், முத்தரையர் எனப் பல சமூகத்தார் கடலையும் அதன் வருவாயையும் நம்பி வாழ்கின்றனர். அங்கே மக்கள்தொகை சில ஆயிரம்; இங்கே கரையோரம் முழுதும் நெருக்கமான ஊர்கள். ஹைடா மொழியைச் சரளமாகப் பேசுவோர் இன்று முதியோர் சிலரே என்பதையும் மறக்கலாகாது. உரிமை மீண்டது, மொழி அவ்வளவாக மீளவில்லை. இங்கே நிலை தலைகீழ். மொழி ஊர்தோறும் உயிரோடு இருக்கிறது. காவலில் அதற்கு இடமில்லை. அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்க ஒன்று உண்டு: கடலை அறிந்தவரைக் காவலராக ஏற்பதால் காவல் தளர்வதில்லை.

7. என்ன செய்யலாம்

மன்னார் வளைகுடாவிலும் ஊர்தோறும் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் அமைந்துள்ளன. உள்ளூர் இளைஞர் சிலர் காவல் பணியில் சேர்க்கப்பட்டுள்ளனர். வலையில் சிக்கிய ஆவுளியாவை விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை பாராட்டும் பரிசும் வழங்குகிறது. இவை நல்ல தொடக்கங்கள். இவற்றோடு சொல்லும் சேர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பார்களின் பெயர், தீவுகளைச் சுற்றிய நீர்வழிகளின் பெயர், வாடை, கொண்டல், கச்சான், சோழகம் ஆகிய காற்றுகளின் ஊர்தோறும் மாறும் பருவக் கணக்கு, பாசிப் பெயர்கள் ஆகியவற்றை முறையாகத் தொகுத்துக் காப்பகத்தின் வரைபடத்திலும் திட்ட ஆவணத்திலும் ஏற்ற வேண்டும். பவளம் வெளிறியதைச் செயற்கைக்கோள் காட்டும். வெளிறுமுன் அந்தப் பாரில் எந்த மீன் எந்தப் பருவத்தில் அடைந்தது என்பதை அங்கே முப்பது ஆண்டு வலைவிட்டவரே சொல்ல இயலும். அத்தகைய அடிப்படைத் தரவு இன்றி மீட்சியை அளப்பது எவ்வாறு?

காலம் குறைவு. எங்கள் கரையில் இன்று இளைஞர் கைகளில் திசைகாட்டும் கருவி உள்ளது. அதில் பார் ஓர் எண்ணாகப் பதிவாகிறது. கருவியைக் குறை சொல்வதற்கில்லை, அது உயிரைக் காக்கிறது. ஆனால் எண்ணைப் பேரன் பெற்றுக்கொள்ளும்போது, பெயரோடு வந்த மற்றவை அவனுக்குக் கிடைப்பதில்லை. எனக்குப் பாறைக்கும் பாருக்கும் வேறுபாடு சொன்ன பொழியூர் முதியவர் சென்ற ஆண்டு காலமானார். அவருடைய கணிச்சங்களில் பதினொன்றை மட்டுமே நான் எழுதிவைத்திருக்கிறேன். நூற்றுக்கு மேல் இருக்கும் என்று அவரே ஒருமுறை சொல்லியிருந்தார். சிற்றாய்வுக்குப் பதினொன்று போதும் என்று அன்று நிறுத்திக்கொண்டேன்.

கடலோர ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆய்வுத் தலைப்புத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். இந்த விடுமுறையில் வீட்டிலுள்ள பெரியவரிடம் உட்கார்ந்து, அவர் அறிந்த பார்களின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். சொன்னவர் பெயரைக் குறிப்பில் சேர்க்கலாமா என்று அவரிடமே இசைவு கேளுங்கள். மீன் கிடைக்கும் இடத்தின் துல்லியத்தை வெளியிட வேண்டாம். அது அவர்களின் பிழைப்பு. பொருள் எழுதும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். எழுதியதை மறுநாள் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். திருத்துவதற்கு அவர் கையை உயர்த்தினால், உங்கள் ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது.